ஸ்விஃப்ட்டுக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது: என் அனுபவம்

1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் பிடிக்கும். கிரேடு, கார் புத்தகத்தில் போட்டிருப்பதுதான். "இதுவும் அதேதான் சார்" என்று கடையில் நீட்டுவதை நான் வாங்குவதில்லை. புது ஃபில்டரோடு, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வேண்டும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கவும். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். நன்றாகச் சூடேறியிருந்தால் கை வெந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, காரைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். அடியில் பாத்திரம் வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியவிடுங்கள்.

சொட்டுவது நின்றதும் வாஷரை மாற்றி, போல்ட்டை முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். கோணலாக ஏறினால் சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) மரை போய்விடும். அது பெரிய செலவு.

ஒழுகல் பெரும்பாலும் ஃபில்டரில்தான் வரும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் அதன்மேல் புதியதை மாட்டினால், அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சியடிக்கும். ஆகவே அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் துடைத்துவிட்டு, புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் பூசி, ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது தெரியும்.

காரை இறக்கிச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் 2.8 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பார்த்து, மேல் குறியைத் தாண்டாமல் நிரப்புங்கள். பழைய ஆயிலைக் கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.