தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பீட்டில்: டர்பனில் பழைய கார் தேடுபவர்களுக்கு

தைப்பூசக் காவடி முடிந்த வாரம் இசிபிங்கோவில் ஒரு உறவுக்கார ஆன்ட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் சுவரோரம் பச்சைத் தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று. அதன் மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் வளைவாக ஒரு மட்கார்டு தெரிந்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. "அது உங்க அங்கிளோட கார் கண்ணு. அவர் போனப்புறம் யாரும் தொடல" என்றார் ஆன்ட்டி. மிளகாயை முறத்தில் வாரிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினோம். 1974 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்.

அந்தக் கார் இப்போது என் வீட்டு வாசலில் ஓடும் நிலையில் நிற்கிறது. "இப்படி ஒண்ணு எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்கும் தம்பிமார்களுக்காக, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தக் கார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் கார் என்றால் உதிரிபாகம் கிடைக்கும் காராகப் பாருங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் அதற்கு இரண்டே பெயரைத்தான் நான் சொல்வேன். ஒன்று பீட்டில். 1951 முதல் 1979 வரை யூட்டன்ஹேக்கில், இன்றைய கரீகாவில், இங்கேயே செய்த கார் அது. இரண்டாவது டட்சன் 1200 பக்கி, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் சின்ன பிக்கப் வண்டி. பிறகு நிசான் 1400 என்று பெயர் மாறி 2008 வரை வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் ஓடிய வண்டிகள் என்பதால் பாகமும் இருக்கிறது, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் இருக்கிறார்.

யாராவது "செவ்ரோலெட் ஃபிரென்சா கேன் ஆம், மலிவு விலை" என்று சொன்னால் பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். 302 கன அங்குல வி8 எஞ்சின் போட்டு 1973இல் செய்தது மொத்தம் 100 கார்தான். சாதாரண ஃபிரென்சாவில் வி8 எஞ்சினை ஏற்றி அந்தப் பேரை வைத்து விற்பது சுலபம். அரிய கார் மலிவாக வந்தால் நம்பரைச் சரிபார்க்காமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

2. எங்கே தேடுவது

விளம்பரத்தில் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரும் விளம்பரம் கொடுக்காத இடத்தில்தான் இருக்கிறது. கல்யாண வீடு, கோயில் அன்னதானம், காரியத்துக்குப் போகும் வீடு என்று எங்கே போனாலும், பெரியவர்களிடம் வணக்கம் சொல்லி உட்கார்ந்து, "அங்கிள், முன்னாடி என்ன கார் வெச்சிருந்தீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத அங்கிளை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் கார் வாங்கிய நாளிலிருந்து கதை வரும். கதை முடியும்போது "அது இப்போ எங்கே அங்கிள்?" என்று கேட்டால் போதும். பத்தில் எட்டு முறை "வித்தாச்சு" என்பார்கள். மற்ற இரண்டுக்காகத்தான் அந்தக் கேள்வி.

இன்னொன்று. டர்பனின் கடல் காற்றும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். கடலோரம் 20 வருடம் திறந்தவெளியில் நின்ற காரைவிட, கரூ பக்கம் வறண்ட ஊரில் நின்ற கார் உடம்பளவில் எவ்வளவோ மேல். அங்கே வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பரெல்லாம் காய்ந்திருக்கும். அவற்றை மாற்றிவிடலாம். அரித்துப்போன அடித்தகட்டை மாற்றுவது வேறு செலவு. அதனால் கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் உறவுக்காரர் இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

3. பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோவது

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம், டார்ச், மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், தரையில் படுக்க ஒரு பழைய பெட்ஷீட், நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான்.

4. துருவைப் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எஞ்சின் ஓடுதா?" என்றுதான். பீட்டில் எஞ்சினை நாலு நட்டு கழற்றி ஒரு மதியத்தில் இறக்கிவிடலாம். துருப்பிடித்த உடம்பை அப்படி இறக்கி வைக்க முடியாது. ஆகவே முதல் அரைமணி நேரம் எஞ்சினை மறந்துவிடுங்கள்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு விளிம்பு, கதவின் அடிப்பாகம், கண்ணாடியைச் சுற்றியுள்ள பகுதி எல்லா இடத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தகடு நல்லதாக இருந்தால் காந்தம் இழுக்கும். திடீரென்று பிடி விட்டால் அந்த இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, இருக்கிறது. விரல் அகலப் பட்டி என்றால் எங்கோ இடித்து டிங்கரிங் செய்திருக்கிறார்கள், பரவாயில்லை. உள்ளங்கை அகலம் என்றால் உள்ளே தகடே இல்லாமலும் இருக்கலாம்.

பீட்டிலில் முக்கியமாக மூன்று இடம். ஒன்று, முன்னால் ஸ்டெப்னி உட்காரும் குழி. இரண்டு, பின்சீட்டைத் தூக்கினால் தெரியும் பேட்டரித் தட்டு. ஆசிட் கசிந்து அந்தத் தரைத் தகடு சல்லடையாகியிருக்கும். மூன்றாவதுதான் காசை விழுங்கும் இடம்: கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடும் ஹீட்டர் குழாய்ப்பெட்டி. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு "டிங்" என்று சொல்லும். அரித்தது "தொப்" என்று சொல்லும். அப்புறம் காரை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தூக்கியதும் கதவு இடித்தால் அந்தப் பெட்டியில் பலம் இல்லை, வண்டியே வளைகிறது.

இசிபிங்கோ காரில் பேட்டரித் தட்டில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை. குழாய்ப்பெட்டி இரண்டு பக்கமும் டிங் என்றது. அந்த நிமிடமே வாங்குவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

சரி, இப்போது எஞ்சின். பின்னால் இருக்கும் பெல்ட் கப்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டமோ "டக்" என்ற சத்தமோ இருக்கக் கூடாது. கணக்குப்படி 0.15 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று பொருள். அதற்கான பணத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

5. காகிதம்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். எனக்கு ஒரு முறை சுட்டது.

பீட்டிலுக்கு முன் ஒரு டட்சன் பக்கி வாங்கினேன். நல்ல உடம்பு, நல்ல விலை. விற்றவர் "பேப்பர் எல்லாம் இருக்கு" என்றார், நானும் நம்பினேன். வண்டியில் இருந்த எஞ்சின் நம்பரும் பதிவுச் சான்றிதழில் இருந்த நம்பரும் வேறு. பழைய சொந்தக்காரர் எவரோ எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவு செய்யவில்லை. அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு ரசீதும் இல்லாமல் எட்டு மாதம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் உதிரிபாகமாக விற்றேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்கை, அதாவது வருடா வருடம் புதுப்பிக்கும் வண்டி உரிம வில்லையைப் பாருங்கள். கடைசியாக எந்த வருடம் சாலையில் ஓடியது என்று அது சொல்லிவிடும். எத்தனை வருட லைசன்ஸ் பாக்கியும் அபராதமும் நிற்கும் என்றும் அதிலிருந்தே ஊகிக்கலாம். பதிவுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பீட்டிலில் அது பின்சீட்டுக்குக் கீழே, தரை நடுவில் ஓடும் மேட்டின் மேல் இருக்கும். எஞ்சின் நம்பரையும் அப்படியே. சான்றிதழில் கோட் 2 என்றால் சாதாரணமாகக் கைமாறிய வண்டி. கோட் 3 என்றால் சேதமாகி மறுபடி கட்டியது. கோட் 4 என்றால் இனி சாலைக்கே வராது, பாகத்துக்கு மட்டும்தான்.

சொந்தக்காரர் இறந்திருந்தால், வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது. இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் அதிகாரக் கடிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விற்க முடியும். அங்கிள் காருக்கு அந்தக் கடிதம் எடுக்கவே இல்லை. ஆன்ட்டியோடு நானே அலுவலகத்துக்கு அலைந்தேன். கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம் கைமாறியது.

விற்பவர் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதி வாங்குவார். இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்று பொருள். தனிநபர் விற்றால் அது செல்லும், ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அது காப்பு ஆகாது. வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிவு செய்ய வேண்டும். சாலைத்தகுதிச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், ஆகவே வேலையெல்லாம் முடித்துவிட்டு எடுங்கள்.

6. விலை பேசுவது

பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் விவரம் தெரியாத வயதானவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆன்ட்டி "இரும்புக்குப் போட்டா என்ன தருவானோ அதைக் கொடு" என்றார். ஓடாத பீட்டில்கள் வேறு என்ன விலைக்குப் போகின்றன என்று போனில் காட்டி, பேட்டரித் தட்டுக்கும் லைசன்ஸ் பாக்கிக்கும் கழித்து, 20,000 ராண்ட் கொடுத்தேன். அப்படியும் எனக்கு லாபம்தான். அங்கிளின் சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி முருகன் வில்லையைக் கழற்றி ஆன்ட்டியிடம் கொடுத்தபோது, "அது வண்டியோடவே இருக்கட்டும்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

சின்னச் சின்ன வேட்டைகள்

கார்தான் வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தைக்கும் காயலான் கடைக்கும் போய்ப் பழகுங்கள், கண் பழகும். ஒரு முறை குழாய்ச் சாமான்களோடு எண்ணெய்ப் பிசுக்கில் கிடந்த ஒரு கட்டியைத் துணியால் துடைத்தேன். மூடியில் "வெபர்" என்றும், விளிம்பில் "40 டிசிஓஇ" என்றும், "பொலோன்யா" என்றும் எழுத்து தெரிந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும், இத்தாலியில் செய்த பழைய கார்புரேட்டர். பிற்காலத்தில் ஸ்பெயினில் செய்தவை வந்ததால் அந்த ஊர்ப் பெயருக்குத் தனி மதிப்பு. வாங்கும் முன் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காற்று புகும், சீராக ஓடாது. டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2308 என்றால் 2008ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. புதுசு போலப் பளபளத்தாலும் அதை ஓட்டுவதற்கு வாங்காதீர்கள்.

7. வீட்டுக்கு வந்ததும்

சாவியைத் திருகிவிடாதீர்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை ஒரேயடியாகச் சுற்றினால் பிஸ்டன் வளையம் உடையலாம். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கப்பி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்றாம் நாள் காலை என் கையில் அது "இழுக்…" என்று முனகி நகர்ந்தது. பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், வார்னிஷ் வாடை அடிக்கும். பெட்ரோல் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள். பீட்டில் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்தக் குழாய் வெடிப்பால்தான். ஆயிலை மாற்றுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற சந்தோஷத்தில் கேட்டைத் திறக்க வேண்டாம். பிரேக் ரப்பர் குழாய்கள் நாலு சக்கரத்திலும் புதிதாகி, பிரேக் திரவம் மாற்றி, பெடல் கல் மாதிரி நிற்கும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.