எடை ஏறுவது சோற்றால் மட்டுமல்ல: நீலகிரி வீடுகளில் தவிர்க்க வேண்டிய உணவுத் தவறுகள்

எடை கூடிவிட்டது என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது சோற்றில்தான். மதியம் ஒரு கரண்டி குறையும், இரவு சோற்றுக்குப் பதில் சப்பாத்தி வரும். காலை ஆறு மணிக்கு வர்க்கியோடு (மைதாவில் செய்யும் மொறுமொறு பண்டம்) குடித்த டீ, பத்து மணிக்கு பன்னோடு குடித்த டீ, நாலு மணிக்கு பஜ்ஜியோடு குடித்த டீ எதுவும் கணக்கில் வராது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் பல வீடுகளில் எடையைக் கூட்டுவது இந்த இடைவேளைகள்தான். சோற்றைக் குறைத்தும் எடை குறையவில்லையே என்று மனம் விட்டுப்போகிறவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

டீயைத் தண்ணீர்க் கணக்கில் வைப்பது

ஒரு கிளாஸ் பால் டீயில் 80 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆவின் நீல பாக்கெட் பால் என்றால் அந்தப் பாலில் ஏறக்குறைய 50 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம், அதாவது 20 கலோரி. ஆக ஒரு கிளாஸுக்கு 90 கலோரி. குளிரில் ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ் குடிப்பது இங்கே சாதாரணம். அது 450 கலோரி, சர்க்கரை மட்டும் 50 கிராம். பெரியவர் ஒருவருக்கு எல்லா வழியிலும் சேர்த்து நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சர்க்கரை இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அதைப்போல இரு மடங்கு போய்விடுகிறது. பிஸ்கட்டும் பாயசமும் இதற்கு மேல்.

டீயை விடச் சொல்லவில்லை. இந்த ஊரில் அது நடக்கவும் நடக்காது, தேவையும் இல்லை. பால், சர்க்கரை இல்லாத கட்டன் டீயில் கலோரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மாற்ற வேண்டியது சர்க்கரை போடும் முறையை. பல வீடுகளில், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில், சர்க்கரையைப் பாத்திரத்திலேயே போட்டுக் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தாலும், குறைக்க நினைப்பவர் இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே அளவுதான். டீயைச் சர்க்கரை இல்லாமல் போட்டு, அவரவர் கிளாஸில் ஸ்பூனால் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூனில் இருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்குப் போனால் நாக்கு ஒத்துக்கொள்ளாது, நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் ருசி பழகிவிடும். கடையில் டீ கைக்கு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை, சர்க்கரை முன்பே கிளாஸில் விழுந்திருக்கும். காசு கொடுக்கும்போதே "அரை சர்க்கரை" என்று சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி, மலைத்தேன் என்று மாறுவது அடுத்த தவறு. ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தாலும் அது கொழுப்பைக் கரைப்பதில்லை. தேன் நல்ல பொருள்தான், ஆனாலும் உடம்புக்கு அது சர்க்கரைக் கணக்கு.

சாப்பிட்ட கையோடு டீ

இது எடையைவிட முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். டீயில் உள்ள டானின் போன்ற பொருள்கள், கீரை, பருப்பு, ராகி ஆகியவற்றில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் செய்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டியும் சொல்கிறது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் மாத்திரையின் பலன் பெருமளவு வீணாகும். மாத்திரை சாப்பிடுகிற கர்ப்பிணிகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தசோகை இருந்தால் மேட்டில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால் நடையைக் குறைப்பார்கள், நடை குறைந்தால் எடை கூடும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களில் பலர் காலையில் டீயை மட்டும் குடித்துவிட்டு இறங்கி, இடைவேளையில் பன்னும் டீயும், மதியம் சாப்பாட்டோடு மறுபடி டீ என்று நாளை ஓட்டுகிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் அந்த ஒரு டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கூடவே எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் என்று ஏதாவது ஒன்றைச் சாப்பாட்டோடு சேர்த்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர்வதற்கு உதவும்.

குளிருக்கு நிறையச் சாப்பிட வேண்டும் என்ற நம்பிக்கை

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் பசி எடுப்பது உண்மைதான். ஆனால் உடம்பு கூடுதலாகச் சக்தியைச் செலவழிப்பது முக்கியமாக நடுங்கும்போதுதான். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையிலும் கடையிலும் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் செலவு மிகக் குறைவு. அதை ஈடுகட்ட வர்க்கியும் பஜ்ஜியும் தேவைப்படாது.

வர்க்கி அடுக்கடுக்காகப் பொரபொரவென்று வருவதற்குக் காரணமே மைதாவுக்கு நடுவே மடித்து வைக்கும் கொழுப்புதான். இப்படிப்பட்ட பண்டங்களில் 100 கிராமுக்கு 450 முதல் 500 கலோரி வரை இருக்கும். வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் பாமாயில் வகைக் கொழுப்பில் உள்ள நிறைகொழுப்பு அப்படியேதான் இருக்கிறது, அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். விருந்தாளி வரும்போது வர்க்கி வைப்பது வேறு, தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூன்று சாப்பிடுவது வேறு. அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ, அவித்த பட்டாணியோ, மொச்சையோ வயிற்றில் அதிக நேரம் நிற்கும்.

தாகம் தெரியாததால் தண்ணீர் குடிக்காமல் விடுவதும் குளிர் ஊரின் பழக்கம். சிறுநீர் மஞ்சளாகக் கெட்டியாகிறது, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகிறது. பிளாஸ்கில் டீக்குப் பதில் வெந்நீரை ஊற்றி வையுங்கள்.

உருளைக்கிழங்கைக் காய் என்று எண்ணுவது

மலையில் விளையும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. விளைவித்த வீட்டுத் தட்டிலோ சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும். இது மாவுச்சத்தோடு மாவுச்சத்து. தினமும் 400 கிராம் காயும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் உருளைக்கிழங்கு சேர்த்தியே இல்லை. அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 90 கலோரிக்குள்தான் இருக்கும். சிப்ஸ் என்றால் 100 கிராமிலேயே 500 கலோரியைத் தாண்டும். கிழங்கு செய்யும் நாளில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கூடவே மேரக்காயோ (சௌசௌ) நூல்கோலோ பீன்ஸோ வையுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது களி, கால் பங்கு பருப்பு, அவரை, முட்டை, மீன் என்று வைத்தால் தராசு தேவையில்லை.

கேரட்டைச் சாறு பிழிந்து குடிப்பதிலும் லாபமில்லை. மூன்று கேரட்டின் இனிப்பு ஒரு டம்ளரில் வந்துவிடும், வயிற்றை நிரப்பும் நார் சக்கையாக வெளியே போய்விடும்.

ராகி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது

ராகியும் சாமையும் இந்த மலையின் பழைய பயிர்கள். படுகர் வீட்டுக் களியும் அவரைக் குழம்பும் கீரையும் சேர்ந்த சாப்பாட்டைவிடச் சமச்சீரான ஒன்றை எந்த நிபுணரும் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியின் ஒரு பங்குக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கியதும் நல்ல முடிவு.

ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, 100 கிராம் அரிசியில் சுமார் 350. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருப்பது நாரிலும் சுண்ணாம்புச் சத்திலும். ராகியில் 11 கிராம் நார், வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. எனவே சோற்றோடு கூட ஒரு களி என்று சேர்த்தால் எடை ஏறும், சோற்றுக்குப் பதில் களி என்றால்தான் பலன். நைசாக அரைத்த மாவை நீர்க்கக் காய்ச்சி வெல்லம் போட்ட கஞ்சி, களியைவிட வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் உப்பும் மோரும் சேர்த்து, கூட ஒரு கிண்ணம் அவரையோ சுண்டலோ வைத்துச் சாப்பிடுவது நல்லது. இரவுச் சப்பாத்தியும் இதே கதைதான். எண்ணெய் விட்டுச் சுட்ட மூன்று சப்பாத்தி, மூன்று கரண்டிச் சோற்றுக்குக் குறைந்ததல்ல.

வேலை குறைந்தும் தட்டு குறையாதது

கொழுந்து பறித்து, உரமூட்டை சுமந்து, மேடு ஏறி இறங்கிய காலத்துச் சாப்பாட்டின் அளவு ஓய்வு பெற்ற பிறகும் மாறுவதில்லை. தோட்டத்துக்கு நடந்து போனவர் இப்போது ஸ்கூட்டரில் போகிறார், தட்டு அதே தட்டு. ஐம்பதைத் தாண்டினால் தசையும் குறைகிறது. சோற்றின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள். ஏறுவதற்கு மேடு வாசலிலேயே இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள்.

உப்பும் எண்ணெயும்: மளிகைச் சீட்டைப் பாருங்கள்

கரண்டியை அளப்பதைவிட மாதச் சீட்டைப் பார்ப்பது சுலபம். உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் போதும். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்ந்தால் அளவு மீறுகிறது என்று அர்த்தம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்கு மேல். எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்குள் நிற்க வேண்டும். பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு வைத்துத் தீர்க்கலாம், மறுபடி மறுபடி பொரிக்கக் கூடாது.

உப்பில் இன்னொரு தவறு, அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கும் சாதாரணக் கல்லுப்புக்கும் மாறுவது. மழை அரித்த மலை மண்ணில் அயோடின் குறைவாக இருக்கும். அயோடின் போதாமல் தைராய்டு மந்தமானால் சோர்வும் எடையும் சேர்ந்து வரும். அளவைக் குறையுங்கள், அயோடினை விடாதீர்கள்.

பட்டினியும் தராசும்

இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டு ஒரு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்றால், அதில் பெரும்பகுதி தண்ணீர். திரும்பச் சாப்பிட்டதும் வந்துவிடும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நிலைக்கும். 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். வாரம் ஒரே நாள், காலைக்கடன் முடித்து, டீக்கு முன், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். நம்மவர்களுக்கு உடல் எடைக் குறியீடு (BMI: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது) 23க்கு மேல் போனாலே கவனம் தேவை. இடுப்பையும் அளக்க வேண்டும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட நிலையில். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. எடை சரியாக இருந்து இடுப்பு மட்டும் தாண்டியிருந்தாலும் சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதிக்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது. இரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால், குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைப் போர்த்திவிடும் ஆபத்து இங்கே உண்டு. அப்போது உடனே கொடுக்க வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த அரை டம்ளர் தண்ணீர். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.