10-க்கு 12 அடி ஹாலுக்கு ஹோம் தியேட்டர்: எதை, எந்த வரிசையில் வாங்குவது

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஹால் என்றால் பல வீடுகளில் 10-க்கு 12 அடிதான். கீழே டைல்ஸ், மேலே நட்டநடுவில் ஃபேன், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. கடையில் வாட்ஸைச் சொல்லித்தான் விற்பார்கள். இந்த ஹாலுக்கு வாட்ஸ் கடைசிக் கவலை.

படி 1: அளவெடுங்கள்

நீளம், அகலம், உயரம், உட்காரும் இடத்திலிருந்து டிவி சுவர் வரை உள்ள தூரம். இந்த நாலையும் எழுதிக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள். தூரத்தை இன்ச்சில் போட்டு 1.6-ஆல் வகுத்தால் டிவி அளவு கிடைத்துவிடும். ஏழரை அடி என்றால் 90 இன்ச், வகுத்தால் 56, ஆக 55 இன்ச் டிவி. ஆறு அடிதான் இருக்கிறது என்றால் 43 போதும். புரொஜெக்டர் ஆசை இருந்தால் முதலில் தலையைத் தூக்கி ஃபேனைப் பாருங்கள். வெளிச்சத்தின் குறுக்கே இறக்கை வந்தால் திரையில் நிழல் சுற்றும். ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க நம்ம ஊரில் யாராலும் ஆகாது.

அறை சதுரமா என்பதையும் கவனியுங்கள். 10 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அளவில் பேஸ் (தாழ்ந்த அடித்தொனி) தேங்கி நின்று எழும்பும். 12 அடிக்கு அது 47. அறை 10-க்கு 10 என்றால் இரண்டு பக்கமும் அதே 56-இல் சேர்ந்துகொண்டு, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'பூம்' ஆகிவிடும். ஊஃபரை (பேஸுக்கான தனி ஸ்பீக்கர் பெட்டியை) மாற்றினாலும் இது போகாது. வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

படி 2: சவுண்ட்பாரா, ரிசீவரா?

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றால் தனி ஊஃபர் உள்ள சவுண்ட்பார் எடுங்கள்; அதில் ஒன்றும் குறைவில்லை. சொந்த வீடு என்றால் ரிசீவர், அதாவது தனித்தனி ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி நல்லது. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இடது, வலது, நடு, ஊஃபர் என்று 3.1-இல் தொடங்கலாம். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். 'பேசுறது கேக்கல, சண்டை வந்தா காது கிழியுது' என்ற புகாருக்கு மருந்து அதுதான். சோபா பின்சுவரில் ஒட்டியிருந்தால் சரவுண்ட் ஸ்பீக்கரைப் பின்னால் வைக்க இடமே இருக்காது. பக்கச் சுவரில், காதுக்குச் சற்று மேலே, தோளுக்குக் கொஞ்சம் பின்தள்ளி மாட்டினால் போதும்.

சத்தம் தலைக்கு மேலிருந்து வருவதுபோல் கூரையில் பட்டுத் திரும்பவைக்கும் அட்மாஸ் ஸ்பீக்கர் தட்டையான கான்கிரீட் கூரைக்குத்தான். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அந்தக் காசை ஊஃபரில் போடுங்கள்.

படி 3: வாட்ஸ் கணக்கு

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்ஸ்) எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. தொடர்ந்து தரும் வாட்ஸான ஆர்எம்எஸ் மட்டும் பாருங்கள். ரிசீவரில் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சானல்' என்ற வரியில் உள்ள எண்தான் நிஜம். '6 ஓம், 1 சானல்' என்று போட்டது பார்க்கத்தான் பெரிசு. 88 டெசிபல் (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) என்று போட்ட ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில் 8 அடி தூரத்தில் சுமார் 80 டெசிபல் தரும்; பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதுவே போதும். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 4 ஓம் ஸ்பீக்கரை, 6 ஓமுக்குக் கீழ் ஆகாது என்று எழுதிய ரிசீவரில் கோத்தால், சத்தம் ஏற்றும்போது சூடாகி 'ப்ரொடெக்ட்' காட்டி நின்றுவிடும்.

காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் வேண்டாம், ரப்பர் கேளுங்கள். ஃபோம் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும்.

பர்மா பஜாரில் வெளிநாட்டு மாடல் மலிவாகக் கிடைத்தால், வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் வீட்டு 230-இல் நேராகச் செருகிய அன்றே புகைந்துவிடும்.

படி 4: ஒயரும் கேபிளும்

ஸ்பீக்கர் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. இந்த அளவு ஹாலுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ரிச்சி தெருவில் செம்பு முலாம் பூசிய அலுமினியமும் அதே நிறத்தில் தொங்கும். இழை ஒன்றை உருவி பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம், வேண்டாம். உப்புக்காற்றில் வெறும் செம்பு முனையும் பச்சை பிடிக்கும். பனானா பிளக் போட்டு முறுக்கிவிடுங்கள். ஒரே ஒரு இழை பிசிறி பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ ஈ-ஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ வழி). சாதா ஆர்க் ஓடிடி படங்களுக்குப் போதும். டிவி வழியாக ப்ளூ-ரேயின் முழுத்தர ஒலி போக ஈ-ஆர்க் வேண்டும். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது.

படி 5: பொருத்துவது

ஊஃபரை முதலில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே குத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறதோ, ஊஃபருக்கு இடம் அதுதான். பொதுச் சுவரைத் தவிர்த்து, அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள்; அதற்குக் கீழுள்ள பேஸ் ஊஃபருக்குப் போய்விடும். இரவு பத்துக்கு மேல், பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோட்.

சத்தம் மெலிந்து, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் சிதறினால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றி, பிளஸ் ஒயரை 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். அந்த ஸ்பீக்கரின் பெரிய கோன் வெளியே துள்ள வேண்டும், உள்ளே போனால் மாறியிருக்கிறது.

எதுவும் ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். மாடி மாடியாக இழுத்து வரும் அந்த ஒயர் வழியாக எர்த் லூப் (இரண்டு வழியில் எர்த் சேர்ந்து இரைவது) ஆவது சகஜம். இரைச்சல் நின்றால், அந்த இடத்தில் ஒரு கேபிள் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 அருகே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். இரைச்சல் தாங்காமல் எர்த் பின்னை உடைத்துப்போடும் வேலை மட்டும் வேண்டாம்; ரிசீவரின் உலோக உடம்பில் கசிவு வந்தால் ஷாக் உங்களுக்குத்தான்.