கிருஷ்ணகிரியில் ஆபீசுக்கு பிசினஸ் லேப்டாப் வாங்கப் போறீங்களா?

திங்க்பேடா, எலைட்புக்கா, லாட்டிட்யூடா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கோடு கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிற ஆள் நான். கொட்டேஷன் கையில் வந்ததும் நான் தேடுவது வாரண்டி வரியைத்தான்.

‘ஆன்சைட், நெக்ஸ்ட் பிசினஸ் டே’ என்று போட்டிருக்கும். பெங்களூருவில் அது மறுநாள். நம்ம ஊருக்கு? 635001 என்று பின்கோடு கொடுத்து, ஆள் நேரில் வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று மெயிலில் பதில் வாங்கிவிடுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை செல்லாது. ஜூனில் பழம் வந்து குவியும்போது, பில் போடுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூருக்கு யார் போவது? இன்னொன்று: மூணு வருஷ வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். அதையும் கேட்டு நீட்டித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓரத்தில் இருக்கிற ஓட்டைகள். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான பென்டிரைவ் மாதிரி சாதனம்) பெரும்பாலும் பழைய அகல யுஎஸ்பியில்தான் ஏறும். ஃபேக்டரிக்குள் வைஃபை தடுமாறும் இடங்களில் லேன் கேபிள்தான் கை கொடுக்கும். திங்க்பேட் டி14-இல் லேன் போர்ட் உண்டு, எக்ஸ்1 கார்பனில் கிடையாது. ஆனால் எங்கள் முதலாளிக்கு எக்ஸ்1தான் சரி: ஒரு கிலோவை ஒட்டிய எடை, வெளியூர் மீட்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு அலைபவர் அவர். கூடவே ஒரு லேன் அடாப்டர் வாங்கிக் கொடுத்தால் போதும்.

ரேம் விஷயத்தில் கறாராக இருங்கள். மெலிசான மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. அப்படியென்றால் முதலிலேயே 32 ஜிபி. தனி ஸ்லாட் இருந்தால் 16 போதும். டாலி, எக்செல், பிரவுசரில் ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாம் தாராளமாக ஓடும்.

நாள் முழுக்க வவுச்சர் போடுபவருக்கு 14 இன்ச் வேண்டாம், நம்பர் பேட் இருக்காது. 16 இன்ச்சில் பாருங்கள், அதிலும் சில மாடலில் விட்டுவிடுவார்கள். லோடிங் யார்டில் வெயிலில் திறப்பவருக்கு 400 நிட்ஸ் (வெளிச்ச அளவு) ஸ்கிரீன். ஆபீசுக்குள் 300 போதும். பிராசசர்? ஐ5-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய திங்க்பேட் மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், அதற்குக் கீழே எதையும் தொடாதீர்கள். புதிதோ பழசோ, விண்டோஸ் ‘ப்ரோ’வாக இருக்கட்டும், லேப்டாப் தொலைந்தால் பார்ட்டி கணக்கு அடுத்தவன் கையில் போகாமல் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் போட்டுவைக்கலாம்.

பில் கம்பெனி ஜிஎஸ்டி நம்பரில் இருக்கிறதா என்று பணம் அனுப்பும் முன்பே பாருங்கள். 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். சீரியல் நம்பரும் பில்லிலேயே ஏறட்டும், வாரண்டி கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.