டிராக்கன்ஸ்பர்க் மலையில் குளிர்காலம்: டர்பன்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நமக்கு ஆடி மாதம் என்பது மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் குளிர்காலம். கடலோரக் குளிர் பெயரளவுக்குத்தான். நண்பகலில் வெப்பம் 22, 23 டிகிரியை எட்டிவிடும். ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் டிராக்கன்ஸ்பர்க்கின் குளிர் வேறு வகையானது. அதற்கு அஞ்சிக் கோடையில் மட்டும் அங்கே செல்வோர், நடப்பதற்கு மிகவும் ஏற்ற பருவத்தை இழந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. இந்த மலைத்தொடர் கோடையில் மழை பெறுவது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பிற்பகலில் அடிக்கடி இடியும் மின்னலும் திரண்டு வரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையோ வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், ஓடைகளில் நீர் வடிந்து கடக்க எளிதாக இருக்கும்.

உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். அதோடு குளிர்காலக் காற்று வறண்டிருப்பதாலும் வானில் மேகமில்லாததாலும், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் விரைவாக இழந்துவிடும். ஆகவே நண்பகலில் ஒற்றைச் சட்டையோடு நடந்த அதே இடத்தில் விடியற்காலையில் உறைபனி படிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பதைவிடச் சற்று மேட்டில், காற்று மறைவான இடத்தில் அடிப்பது நல்லது.

உடை விஷயத்தில் நம்மவர் செய்யும் தவறு, வீட்டிலிருந்து புறப்படும்போதே கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்குவது. அரைமணி நேரத்தில் உள்ளே வியர்வை ஊறிவிடும்; பிறகு நின்று இளைப்பாறும்போது அந்த ஈரமே உடற்சூட்டை உறிஞ்சும். நனைந்த பருத்தி எளிதில் உலராது என்பதால் பருத்திப் பனியனையும் ஜீன்ஸையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கையிழைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் சட்டை என அடுக்கடுக்காக அணிந்து, வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றவும், நின்றவுடன் ஒன்றை மாட்டவும் பழகுங்கள். புறப்படும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். தொப்பி, கையுறை, இரவுக்கென்று ஒதுக்கிய உலர்ந்த காலுறை ஆகியவை கட்டாயம்.

முதல் முறை குடில் ஒன்றில் தங்கி, ராயல் நட்டால் பூங்காவின் துகேலா பள்ளத்தாக்குப் பாதை போன்ற பகல்நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடாரத்தில் இரவு தங்குவது அடுத்த கட்டம்; 3000 மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் தங்குவது, அனுபவமுள்ள துணையோடு, கடைசிக் கட்டம். தரையின் குளிர் காற்றின் குளிரைவிடக் கொடியது என்பதால் உறக்கப்பைக்கு அடியில் விரிக்கும் பாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், ஃபிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீரும் நம் வீட்டுச் சமையலறையே தரும் அருமையான மலையுணவு. தண்ணீர் மேற்பரப்பிலிருந்து உறையத் தொடங்குவதால், இரவில் குப்பியைத் தலைகீழாக வைத்தால் காலையில் வாய் அடைபடாது. கூடாரத்துக்குள் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

ஜூனில் டர்பனில் சூரியன் மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் மறையும். நட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கோ மேற்கே பெருஞ்சுவராக மலை நிற்பதால் அதற்கும் முன்பே நிழல் விழுந்து, குளிர் சட்டென்று இறங்கும். எனவே எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். தலைவிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.

குளிர்கால நாளொன்றில் உள்நாட்டிலிருந்து வெப்பமான வறண்ட காற்று வீசினால் மகிழாதீர்கள். பெரும்பாலும் அதன் பின்னே குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று வரும். 2024 செப்டம்பரில் பெய்த பனி, வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் என்3 நெடுஞ்சாலையையே அடைத்து, பலரை இரவு முழுதும் வாகனங்களில் சிக்கவைத்தது. ஆகவே காரில் போர்வை, தண்ணீர், உணவு எப்போதும் இருக்கட்டும். 2874 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சானி கணவாய்க்கு நான்கு சக்கர இயக்க வண்டியும், அண்டை நாடான லெசோத்தோவின் எல்லையைக் கடக்கப் பாஸ்போர்ட்டும் வேண்டும். பாதையில் பனிக்கட்டி படிந்திருந்தால் அனுபவமுள்ள ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள்.

உடன் வருபவர் இடைவிடாமல் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, கால் தடுமாறினாலோ நடையை உடனே நிறுத்தி, ஈர உடையை மாற்றி, உறக்கப்பைக்குள் படுக்கவைத்து, தெளிவாக விழித்திருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். பிராந்தி கொடுக்கும் பழக்கம் தீங்கானது. அது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி உள்ளுடலின் சூட்டை வெளியேற்றும். நடக்கத் தொடங்குமுன் மலைப் பதிவேட்டில் பெயர்களையும் போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவிட்டு, திரும்பியதும் மறவாமல் அதைக் குறித்துவிடுங்கள். இல்லையெனில் மீட்புக் குழு உங்களைத் தேடி வீணாக இருட்டில் அலையும்.