எந்த ஹேண்ட் கிரிப்பர் உங்கள் கைக்குச் சரி?

ஹேண்ட் கிரிப்பர் என்றால் ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு கைப்பிடிகள், ஒன்றையொன்று தொடும்வரை கையால் அமுக்கி மூட வேண்டும். "60 கிலோ கிரிப்பரை அசால்ட்டாக அமுக்குகிறேன், அடுத்து எது வாங்கலாம்?" என்று கேட்டால் என் முதல் கேள்வி, எந்த 60 கிலோ? திருகினால் எடை மாறும் பிளாஸ்டிக் கிரிப்பரில் 60 வரை வைத்து அமுக்குகிற பலருக்கு, 140 பவுண்டு, அதாவது சுமார் 63 கிலோ என்று போட்ட கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் என்ற கிரிப்பர் வரிசையின் நம்பர் 1 பாதிதான் மூடும். போட்டிருக்கும் எண் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவீடு என்று ஒன்று கிடையாது.

முதலில், எண்ணைப் படிப்பது. ஒரே கம்பெனியின் வரிசைக்குள் மட்டும் எண்களை ஒப்பிடுங்கள். அயர்ன்மைண்ட் கம்பெனியின் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் வரிசையில் கைடு 60 பவுண்டு, ஸ்போர்ட் 80, டிரெய்னர் 100, நம்பர் 1-க்கு 140, நம்பர் 2-க்கு 195, நம்பர் 3-க்கு 280, நம்பர் 4-க்கு 365. இந்த நம்பர் 3-ஐ மூடியதாக முதன்முதலில் சான்று பெற்றவர் ரிச்சர்ட் சோரின், 1991-இல். நம்மைப் போன்றவர்கள் அதைக் கடையில் பார்த்து ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெவ்வேறு கம்பெனிகளை ஒப்பிட வேண்டுமென்றால், இந்தப் பயிற்சியில் ஊறியவர்கள் ஒரு கைப்பிடியை வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் இறுக்கி, இன்னொன்றின் நுனியில் பட்டை மாட்டி, இரண்டும் தொடும்வரை எடை தொங்கவிட்டு அளக்கிறார்கள். அப்படி அளந்தால் அந்த 140 பவுண்டு நம்பர் 1, 80 பவுண்டை ஒட்டித்தான் வரும். கம்பெனி பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி அளக்கிறோமோ அதற்கேற்ப எண் மாறும்.

அடுத்து, ஸ்பிரிங்கைப் பாருங்கள். கம்பியின் தடிமன் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் ஏறிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கோடு, அதாவது தடிமனை நான்கு முறை பெருக்கி வரும் எண்ணோடு, போகிறது. சுருள் சின்னதானாலும், சுற்று குறைந்தாலும் இன்னும் கடினம். அதனால்தான் ஒரே மாடலில் இரண்டு வாங்கினால்கூட ஒன்று லேசாகவும் ஒன்று முரடாகவும் வந்து சேரும்.

எதை வாங்குவது? இரண்டு வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை முழுதாக மூட முடிகிற ஒன்று, திணறித் திணறி மூன்று நான்கு தடவை மூடுகிற ஒன்று. புதியவர்களுக்கு ஸ்போர்ட், டிரெய்னர் ஜோடி பெரும்பாலும் சரியாக இருக்கும், கை ரொம்ப மெலிவு என்றால் கைடிலிருந்து.

பிடிக்கும் விதம். ஸ்பிரிங் மேலே, கட்டைவிரல் பக்கம் இருக்கட்டும். ஒரு கைப்பிடி கட்டைவிரலின் அடிச்சதையில் உட்கார வேண்டும், மற்றதன் கீழ்நுனியில் சுண்டுவிரல் விழ வேண்டும். கை மேலே ஏறினால் நெம்புகோல் தூரம் குறைந்து அதே கிரிப்பர் சட்டென்று கனமாகிவிடும். இரண்டு கைப்பிடியும் முட்டி 'டிக்' என்று சத்தம் வந்தால்தான் கணக்கு. கடைசி அரை அங்குலம்தான் எல்லோரையும் அழவைக்கிற இடம், ஏனென்றால் மூட மூட ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும், விரல்களோ மடங்க மடங்க பலம் இழக்கும்.

பயிற்சி. லேசானதில் ஒரு செட் கையைச் சூடேற்றிவிட்டு, கனமானதில் ஒவ்வொரு கைக்கும் மூன்று செட், வாரம் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. டிவி பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அமுக்குவது முழங்கை வலிக்குத்தான் வழி. முடிந்ததும் விரல்களில் ரப்பர் பேண்டு மாட்டி வெளிப்பக்கம் விரியுங்கள், விரிக்கும் தசைக்கும் வேலை வேண்டுமே.

கனமானது எட்டு தடவை 'டிக்' அடிக்கத் தொடங்கினால் அடுத்ததை வாங்கலாம். ஆனால் நம்பர் 1-லிருந்து 2-க்கு ஒரே தாவலில் 55 பவுண்டு, அங்கேதான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் 167.5 பவுண்டில் நம்பர் 1.5 இருக்கிறது, காசு பார்க்காமல் அதை வாங்கிவிடுங்கள்.