பால் ஊத்துனாலே பொய் சிக்னல் காட்டுன சென்சார்

பால்ல டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மருந்து இருக்கான்னு கண்டுபிடிக்க தங்க நானோ துகள் பூசின கார்பன் எலக்ட்ரோட்ல ஆப்டமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிச்சுக்கிற சின்ன டிஎன்ஏ இல்ல ஆர்என்ஏ இழை) ஒட்டி சென்சார் பண்ணிட்டு இருந்தேன். மருந்து வந்து ஒட்டுனா கரைசல்ல இருக்கிற ஃபெரிசயனைடு தர்ற மின்னோட்ட உச்சம் (பீக்) குறையணும், பஃபர்ல, அதாவது pH மாறாத வெறும் கரைசல்ல, அழகா குறைஞ்சுது, ஆனா பால் ஊத்துனதும் பீக் படுத்துருச்சு. ஒரு வாரம் ஆப்டமரைத்தான் திட்டிட்டு இருந்தேன், அப்புறம்தான் புத்தி வந்து மருந்தே இல்லாத பாலை வச்சுப் பாத்தா அதுலயும் அதே சரிவு!

கேசீன் புரதம் எலக்ட்ரோட் மேல படிஞ்சு எலக்ட்ரான் போற வழியை அடைக்குது, சென்சாருக்கு மருந்து எது புரதம் எதுன்னு தெரியல, அவ்ளோதான்.

டிரைகுளோரோஅசிட்டிக் ஆசிட் விட்டு புரதத்தைத் திரிய வச்சு சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, மேல நிக்கிற தெளிவை எடுத்து pH-ஐ 7 கிட்ட கொண்டு வந்தேன். பொய் சிக்னல் போச்சு, ஆனா நானே கலந்த மருந்துல பாதிகூட வரல. டெட்ராசைக்ளின் கால்சியத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், பால்ல அதுக்கா பஞ்சம்? ஆசிட்டோட, கால்சியத்தைப் பிடிச்சுக்கிற இடிடிஏ-வும் சேர்த்தப்புறம்தான் மருந்து விடுபட்டு வந்துச்சு. எவ்ளோ மருந்துக்கு எவ்ளோ சிக்னல்னு பாக்குற காலிப்ரேஷனையும் பஃபர்ல போடாம, இதே மாதிரி சுத்தம் பண்ண பால்லயே போட்டேன். பால்ல இந்த மருந்து இருக்கலாம்னு ஐரோப்பிய யூனியன் வச்ச வரம்பு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம், இப்ப அதுக்குக் கீழயே தெளிவா தெரியுது.